கையெழுத்துக்கும் முதல் கப்பலுக்கும் இடையில்: விழிஞ்ஞம் துறைமுகத் திட்டம் பற்றிய ஓர் ஆய்வு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் விழிஞ்ஞம் கடற்கரையில் பன்னாட்டுத் துறைமுகம் ஒன்றைக் கட்டி இயக்குவதற்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 17ஆம் நாள், மலையாள ஆண்டின் முதல் நாளான சிங்ஙம் ஒன்றாம் தேதியில், கேரள அரசுக்கும் அதானி விழிஞ்ஞம் துறைமுகத் தனியார் நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தானது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் பணி தொடங்கியது. நான்கு ஆண்டுகளில், அதாவது 2019 டிசம்பரில், முதல் கட்டம் முடிய வேண்டும் என்று ஒப்பந்தம் கூறியது. ஆயிரம் நாட்களுக்குள்ளேயே முடித்துவிடுவோம் என்று நிறுவனம் பொதுவெளியில் அறிவித்தது. ஆயினும் துறைமுகம் வணிக இயக்கத்துக்கு வந்த நாள் 2024 டிசம்பர் 3. ஏலத்தில் வென்ற ஒரு முன்மொழிவு நடைமுறைத் திட்டமாக மாறும் வழியில் ஐந்து ஆண்டுகள் எங்கே கரைந்தன, அதே வழியின் வேறு சில பகுதிகள் ஏன் தடங்கலின்றி நடந்தன என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பெருந்திட்டங்களின் தாமதத்தைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக நிர்வாகத்தின் மந்தத்தையோ நிறுவனத்தின் பேராசையையோ காரணமாகக் காட்டுவது வழக்கம். விழிஞ்ஞத்தின் வரலாறு அவ்விரண்டையும்விட நுணுக்கமான ஒரு காரணத்தைச் சுட்டுகிறது: முன்மொழிவு எழுதப்பட்டபோது இயல்பாகவே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் எவற்றுக்குப் பொறுப்பாளர் ஒருவரும் காலக்கெடு ஒன்றும் முன்பே குறிக்கப்பட்டனவோ அவை நேரத்தில் நடந்தன, குறிக்கப்படாதவை காலத்தை விழுங்கின.

இந்தத் துறைமுகத்தின் அடிப்படை வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. கரைக்கு மிக அருகிலேயே கடல் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம் கொண்டிருப்பதால் ஆண்டுதோறும் மண் தோண்டும் செலவு குறைவு. ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் பன்னாட்டுக் கப்பல் வழி இங்கிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவில் செல்கிறது. ஆய் வேளிரின் துறைமுகமாகவும் பாண்டியரும் சோழரும் அடுத்தடுத்துப் படையெடுத்துக் கைப்பற்றிய இடமாகவும் விழிஞ்ஞம் விளங்கியதற்கு அதன் இருப்பிடமே காரணம். இந்தியாவின் பரிமாற்றச் சரக்கில், அதாவது பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்கு மாற்றி அனுப்பப்படும் சரக்குப் பெட்டகங்களில், ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங் ஆகிய அயல்நாட்டுத் துறைமுகங்களிலேயே கையாளப்பட்டு வந்தது. அந்த வணிகத்தில் ஒரு பகுதியை இந்தியக் கரைக்குத் திருப்ப வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம்.

நோக்கம் தெளிவாக இருந்தும் தகுந்த முன்மொழிவைத் தேர்ந்தெடுப்பதற்கே பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. கேரள அரசு இதற்கென விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுக நிறுவனத்தை 2004இல் பதிவு செய்தது. முதல் சுற்றில் முன்னணியில் நின்ற ஜூம் டெவலப்பர்ஸ் கூட்டமைப்பில் சீன நிறுவனங்கள் பங்கேற்றிருந்ததால் மத்திய அரசின் பாதுகாப்பு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2008இல் தேர்வான லேங்கோ கொண்டப்பள்ளி கூட்டமைப்பு, போட்டியாளர் தொடுத்த வழக்குகளுக்கு இடையே விலகிக்கொண்டது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் ஆலோசனையோடு நடந்த அடுத்த சுற்றில் வெல்ஸ்பன் கூட்டமைப்பு கேட்ட மானியத்தை அரசு ஏற்கவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி 2014 ஜனவரி 3ஆம் நாள் கிடைத்த பின் நடந்த கடைசிச் சுற்றில் ஐந்து தரப்புகள் முதற்கட்டத் தகுதி பெற்றன, மூன்று மட்டுமே ஏல ஆவணங்களை வாங்கின, இறுதியில் விலைப்புள்ளி அளித்தது அதானி நிறுவனம் ஒன்றுதான். வென்ற முன்மொழிவு என்று இங்கே சொல்லும்போது இந்தப் பின்னணியை மறக்கலாகாது. பலருள் சிறந்தது என்பதால் அது வெல்லவில்லை. களத்தில் வேறு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இத்தகைய வெற்றியில் அரசின் பேரம்பேசும் வலு குறைவு என்பதும், கிடைத்த ஒருவரையும் இழந்துவிடக் கூடாது என்ற அவசரம் பின்னால் வரும் உரையாடல்களையெல்லாம் பாதிக்கும் என்பதும் வெளிப்படை.

அந்த ஏலம் ஒரே ஓர் எண்ணால் முடிவானது. பொதுநலன் மிகுந்ததாயினும் தனியார் முதலீட்டுக்குப் போதிய இலாபம் தராத திட்டங்களில், அந்தக் குறையை ஈடுகட்ட அரசு அளிக்கும் மானியத்துக்குச் சாத்தியக்கூறு இடைவெளி நிதி என்று பெயர். யார் மிகக் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்கே பணி. நிறுவனம் கேட்டது 1,635 கோடி ரூபாய், அதில் 817.80 கோடி மத்திய அரசின் பங்கு, 817.20 கோடி மாநில அரசின் பங்கு. பொது–தனியார் கூட்டுப் பகுதியின் மதிப்பீடான 4,089 கோடி ரூபாயில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்கு, அதாவது விதிகள் அனுமதித்த உச்ச வரம்பை ஒட்டி, அது நின்றது. இதற்கு ஈடாக மாநிலத்துக்குக் கிடைப்பது பதினைந்தாம் ஆண்டிலிருந்து 1 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக உயரும் வருவாய்ப் பங்கு. உரிமைக்காலம் 40 ஆண்டுகள். வழக்கமான 30 ஆண்டுகளுக்கு மாறாக 40 ஆண்டுகள் அளித்ததால் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் சேரும் என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2017 மே மாதத்தில் கூறியதும், அதை விசாரிக்க நீதிபதி சி.என். இராமச்சந்திரன் நாயர் தலைமையில் அமைந்த ஆணையம் முறைகேட்டுக்குச் சான்று இல்லை என்று பின்னர் அறிக்கை அளித்ததும் இந்த எண்ணைச் சுற்றியே நடந்த விவாதங்கள். விவாதம் தேவையானதே. ஆனால் பணி எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடை இருக்கவில்லை: எந்த மலையிலிருந்து கல் வரும், எந்த மீனவர் எந்தக் கடற்பரப்பை இழப்பார், இரயில் எந்த ஆண்டில் துறைமுகத்தை எட்டும் என்பவை மானியக் கணக்கின் எந்த வரியிலும் இடம்பெறுவதில்லை.

இந்தியாவில் திட்டக்குழு காலத்தில் உருவான மாதிரி உரிமை ஒப்பந்தங்கள் கையெழுத்துக்கும் பணித் தொடக்கத்துக்கும் இடையே ஓர் இடைக்காலத்தை வகுத்திருக்கின்றன. முன்நிபந்தனைகள் என்று அழைக்கப்படும் கடமைகளை இரு தரப்பும் அந்த இடைக்காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்: அரசு நிலத்தையும் அனுமதிகளையும் தர வேண்டும், நிறுவனம் வங்கிக் கடனை உறுதிசெய்து நிதி முடிப்பை எட்ட வேண்டும். இவை முடிந்த நாளே காலக்கெடுவை எண்ணத் தொடங்கும் நாள். முன்மொழிவைத் திட்டமாக மாற்றும் உண்மையான வேலை இந்த இடைக்காலத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் அரசியல் நாட்காட்டி பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்வதில்லை. விழிஞ்ஞத்தில் கையெழுத்துக்கும் பணித் தொடக்கத்துக்கும் இடையே நான்கு மாதங்கள்கூட இல்லை; அடுத்த ஆண்டு மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். பத்தாண்டுக் காலம் நழுவிக்கொண்டே இருந்த ஒரு திட்டத்தை எப்படியாவது மண்ணில் ஊன்றிவிட வேண்டும் என்ற ஆர்வம் புரிந்துகொள்ளத் தக்கதே. அதற்கான விலை பின்னர் கேட்கப்பட்டது.

அந்த விலையின் பெரும்பகுதி கல்லின் வடிவில் வந்தது. துறைமுகத்தின் முதற்பெரும் உறுப்பு அலைத்தடுப்புச் சுவர். திறந்த கடலின் அலைகளை நிறுத்தி உள்ளே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கும் இச்சுவர் முதல் கட்டத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம் கொண்டது. இருபது மீட்டர் ஆழக் கடல் துறைமுகத்துக்கு வரமாக இருப்பதும் சுவருக்குச் சுமையாக மாறுவதும் ஒரே காரணத்தால்தான்: ஆழம் கூடக்கூடச் சுவரின் அடி அகலமாகிறது, கல்லின் அளவு பலமடங்காகப் பெருகுகிறது. இத்தகைய சுவரின் நடுவில் சிறு கற்கள், அவற்றின் மேல் படிப்படியாகப் பெரிய கற்கள், கடலை நோக்கிய புறத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வடிவிலான பல டன் எடைக் காங்கிரீட் கட்டிகள் என்று அடுக்குகள் அமையும். உட்கல்லைக் கொட்டிவிட்டு மேற்கல் வருவதற்காகக் காத்திருக்க முடியாது; காவலின்றி நிற்கும் உட்பகுதியை அலை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே எல்லா அளவுக் கல்லும் ஒரே விகிதத்தில் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். மேலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்த கடலில் கல் கொட்டும் பணி ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால், ஏப்ரலில் கிடைக்க வேண்டிய ஒரு குவாரி அனுமதி ஜூனில் கிடைத்தால் தாமதம் இரண்டு மாதங்களோடு முடிவதில்லை, பணி அக்டோபர் வரை தள்ளிப்போகிறது.

கல்லைக் கொண்டுவருவது நிறுவனத்தின் கடமை என்பது அரசு எடுத்த நிலை. கல்லை வெட்ட அனுமதிக்கும் அதிகாரம் முழுவதும் அரசுத் துறைகளின் கையில் இருக்கிறது என்பது நிறுவனம் எடுத்த நிலை. இரண்டும் உண்மை; எனவேதான் இரண்டுக்கும் நடுவே வேலை நின்றது. ஒவ்வொரு குவாரிக்கும் கனிமவளத் துறை, சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆணையம், உள்ளாட்சி அமைப்பு எனத் தனித்தனி வாசல்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்பைப் பற்றி மாதவ் காட்கில், கஸ்தூரிரங்கன் ஆகியோர் தலைமையிலான குழுக்களின் அறிக்கைகளால் விழிப்புற்றிருந்த கேரளத்தில், 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு, அவ்வாசல்கள் எளிதில் திறக்கவில்லை. திறக்காததில் நியாயமும் இருந்தது. விளைவு, சுமை எல்லை தாண்டியது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் குவாரிகளிலிருந்து டாரஸ் லாரிகள் மாநில எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக அணிவகுத்தன. அளவுக்கு மீறிய பாரம், குண்டும் குழியுமான சாலைகள், விபத்துகள், மலை அழிகிறது என்ற குமுறல் என்று குமரி மாவட்டத்தில் இது ஆண்டுக்கணக்கில் எரிந்த பிரச்சினை. ஒரு மாநிலத்தின் முன்மொழிவில் விலை குறிக்கப்படாத பொருளுக்கு இன்னொரு மாநிலத்தின் மலையும் சாலையும் விலை கொடுத்தன என்பதை விழிஞ்ஞத்தின் வெற்றியைக் கொண்டாடும் எந்த ஆய்வும் மறைக்கக் கூடாது.

2017 நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சுவரையும் மண்தோண்டும் கலன்களையும் சேதப்படுத்தியது. தொடர்ந்து வெள்ளமும் கோவிட் பெருந்தொற்றும் வந்தன. மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளுக்குக் காலநீட்டிப்புத் தரும் ஒப்பந்த விதியை நிறுவனம் மேற்கோள் காட்டியது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 12 லட்சம் ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று அரசு கோரியது. வழக்கு நடுவர் மன்றம் சென்றது. ஒக்கிக்குப் பொறுப்பாளர் எவருமில்லை என்பது உண்மையே. ஆனால் கல் தட்டுப்பாட்டால் பருவங்கள் வீணாகாமல் இருந்திருந்தால் புயல் தாக்கியபோது சுவர் எந்த நிலையில் இருந்திருக்கும் என்ற கேள்வி நியாயமானது.

கல்லுக்கு அடுத்தது கரை. விழிஞ்ஞம் ஆளில்லாத இடத்தில் எழுந்த துறைமுகம் அன்று. அதன் பக்கத்திலேயே மாவட்டத்தின் பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் கடலுக்குச் செல்வோர், கரையில் நின்று கூட்டமாகக் கரமடி வலை இழுப்போர், பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்போர் எனக் கடலோடு வெவ்வேறு உறவு கொண்ட மக்கள் அங்கு வாழ்கிறார்கள். இவர்களுள் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்கிடுவதுதான் கடினம். நிலத்துக்குப் பட்டா உண்டு. சிப்பி எடுக்கும் பாறைக்குப் பட்டா இல்லை. மாவட்ட ஆட்சியர் நிலையில் அமைந்த வாழ்வாதாரப் பாதிப்பு மதிப்பீட்டுக் குழு வகைவாரியாக இழப்பீடு வழங்கியபோதிலும், பட்டியலில் யார் இருக்கிறார், யார் விடுபட்டார் என்ற பிணக்கு ஓயவில்லை. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 செப்டம்பர் 2ஆம் நாள் திட்டத்துக்கு ஒப்புதலும் கண்காணிப்பு நிபந்தனைகளும் சேர்த்தே அளித்தது. சட்டத்தின் பார்வையில் அத்தியாயம் அங்கே முடிந்தது. கரையில் அது முடியவில்லை.

வடக்கே வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் கடல் வீடுகளை விழுங்கியது. வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் ஒரு சிமெண்ட் கிடங்குக்குள் ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டியதாயிற்று. அரிப்புக்குத் துறைமுகச் சுவர் காரணமா, அதற்கு முன்பே தொடங்கிய கடற்கரை மாற்றம் காரணமா என்பதில் மீனவர்களின் அனுபவமும் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் அளவீடுகளை அடிப்படையாகக் கொண்ட அதிகாரப்பூர்வ நிலைப்பாடும் ஒத்துப்போகவில்லை. 2022 ஆகஸ்ட் 16ஆம் நாள் திருவனந்தபுரம் இலத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் துறைமுக வாயிலில் தொடங்கிய போராட்டம் கட்டுமானத்தை மாதக்கணக்கில் முடக்கியது. நவம்பர் இறுதியில் வன்முறையாகவும் வெடித்து, காவல் நிலையம் தாக்கப்பட்டது. டிசம்பர் 6ஆம் நாள் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டபோது தீர்வின் உள்ளடக்கம் என்ன என்று பார்த்தால் வியப்பு ஏற்படும்: கிடங்கில் இருந்த குடும்பங்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை, நிரந்தர வீடுகளுக்கான உறுதி, கடலரிப்பை ஆராய ஒரு வல்லுநர் குழு. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்த் திட்டத்தில் இத்தொகை ஒரு துளிகூட இல்லை. 2015இல் பணியோடு சேர்த்தே இதைச் செய்திருந்தால் 2022இல் துறைமுக வாயிலில் அந்தப் போராட்டம் எழுந்திருக்குமா என்பது ஐயமே. மீனவர் மறுவாழ்வு முன்மொழிவின் உள்ளுறுப்பாக இராமல், திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு கவனிக்கத்தக்க துணைவேலையாகக் கருதப்பட்டதே இங்கு நேர்ந்த அடிப்படைப் பிழை.

இதற்கு நேர்மாறாக, கடைசி இரண்டு ஆண்டுகளின் பணிகள் குறிப்பிடத்தக்க ஒழுங்கோடு நடந்தன. பாரந்தூக்கிகளை ஏற்றிய ஷென் ஹுவா 15 என்னும் கப்பல் 2023 அக்டோபரில் வந்தது. அதன் சீனப் பணியாளர்கள் கரையிறங்க அனுமதி பெறுவதில் சில நாட்கள் போயின என்றாலும், அந்தச் சிக்கல் அடுத்த கப்பல்களுக்குத் தொடரவில்லை. கட்டி முடித்த ஒரு துறைமுகம் சட்டப்படி துறைமுகமாவதற்குச் சுங்கத் துறையின் அறிவிக்கை வேண்டும், பன்னாட்டுப் பாதுகாப்புச் சான்று வேண்டும், உலகக் கப்பல் நிறுவனங்கள் ஆவணங்களில் பயன்படுத்தும் இடக் குறியீடு வேண்டும். இவற்றில் எது யாருடைய பொறுப்பு என்பது முன்பே தெளிவாக இருந்தது. விழிஞ்ஞத்துக்கு அருகிலுள்ள நெய்யாற்றின்கரையைக் குறிக்கும் எழுத்துகளோடு அந்தக் குறியீடு 2024இல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 11ஆம் நாள் சீனாவின் ஷியாமென் துறைமுகத்திலிருந்து சான் ஃபெர்னாண்டோ என்ற சரக்குப் பெட்டகக் கப்பல் வந்து சேர்ந்ததும் திறப்பு விழா நடத்திவிடாமல், ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சோதனை ஓட்டமாகவே கழித்தார்கள். தானியங்கிப் பாரந்தூக்கிகளும் சென்னை ஐஐடியின் ஒத்துழைப்போடு உருவான கப்பல் போக்குவரத்து மேலாண்மை அமைப்பும் உண்மையான கப்பல்களோடு பழகின. உள்ளூரைச் சேர்ந்த பெண்கள், அவர்களுள் மீனவக் குடும்பத்தினரும் அடங்க, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து அப்பாரந்தூக்கிகளை இயக்கப் பயிற்சி பெற்றார்கள். பிரதமர் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணித்தது 2025 மே 2ஆம் நாள். அதற்கு முந்தைய மாதமே 24,000 பெட்டகங்களுக்கு மேல் ஏற்றக்கூடிய எம்எஸ்சி துர்க்கியே கப்பல் இங்கு வந்து போயிருந்தது. விழாவுக்கு முன் வேலை என்ற இந்த வரிசை, 2015இன் வரிசைக்கு நேர் எதிரானது.

ஒப்பந்தத்தின் பழுதும் இக்காலத்திலேயே சீர்செய்யப்பட்டது. 2024 நவம்பர் 28ஆம் நாள் கையெழுத்தான துணை ஒப்பந்தத்தின்படி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுக் காலநீட்டிப்பு கிடைத்தது. நடுவர் மன்ற வழக்கு முடிவுக்கு வந்தது. எஞ்சிய கட்டங்களை 2028 டிசம்பருக்குள் முடிக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. மாநிலத்துக்கான வருவாய்ப் பங்கு 2039க்குத் தள்ளிப்போகாமல் 2034இலேயே தொடங்கும் என்றாயிற்று. இழப்பீட்டைக் கைவிட்டது அரசின் பலவீனம் என்று சிலர் கருதலாம். வழக்கை இழுத்துக்கொண்டே எஞ்சிய கட்டங்களைத் தாமதப்படுத்துவதைவிட, உடைந்த காலக்கெடுவை ஏற்று அதற்குப் பதிலாக எதிர்கால வருவாயை முன்னுக்கு நகர்த்திக்கொண்டது சரியான பேரம் என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. 2015இல் ஒற்றைப் போட்டியாளரின் முன் நின்ற அரசைவிட, இயங்கத் தயாரான துறைமுகத்தின் முன் நின்ற அரசுக்குப் பேச வலு இருந்தது.

அண்டைத் திட்டங்கள் இரண்டு இவ்வாய்வுக்கு எல்லைக்கற்களாக உதவும். கொச்சியின் வல்லார்பாடம் பெட்டக முனையம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டுமானம் முடிந்தது, ஆனால் முன்மொழிந்த பரிமாற்ற வணிகம் எதிர்பார்த்தபடி வரவில்லை. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே அயல்நாட்டுக் கொடிக் கப்பல்கள் சரக்கு ஏற்றுவதைத் தடுத்த கடலோரப் போக்குவரத்து விதியின் தளர்வு தாமதமாகவே கிடைத்தது, ஆழத்தைப் பராமரிக்கும் தோண்டும் செலவும் தொடர்ந்து அழுத்தியது. விதியை மாற்றும் பொறுப்பு தில்லியிடம், முனையம் கொச்சியில் என்ற அந்தப் பிளவு விழிஞ்ஞத்தின் கல் பிரச்சினைக்கு உடன்பிறந்தது. மறுபக்கம், குமரி மாவட்டத்தின் இனயத்தில் துறைமுகம் அமைக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. கடற்கரை மக்களின் எதிர்ப்பால் இடம் அதே மாவட்டத்தின் கோவளம்–மணக்குடிப் பகுதிக்கு மாற்றப்பட்டு, அங்கும் எதிர்ப்பு தொடர, திட்டம் காகிதத்தைத் தாண்டவில்லை. விழிஞ்ஞத்தில் பணியை முடக்கிய கரையின் எதிர்ப்பு இங்கே பணியைத் தொடங்கவே விடவில்லை.

விழிஞ்ஞத்தின் வேலை இன்னும் முடியவில்லை. 2025இல் அர்ப்பணிக்கப்பட்டபோது இங்கு வந்த பெட்டகங்கள் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாறிக் கடல்வழியாகவே வெளியேறின. கேரளத்தின், தென்தமிழ்நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கு தரைவழியாக வர வேண்டுமானால் தேசிய நெடுஞ்சாலை 66உடன் முழுமையான இணைப்பும், பாலராமபுரத்திலிருந்து 10.7 கிலோமீட்டர் இரயில் பாதையும் வேண்டும். கொங்கண் இரயில்வே வடிவமைத்த அப்பாதையில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். இதை முடித்துக் கொடுக்க வேண்டிய கடமை மாநில அரசுடையது. துறைமுகத்தின் எஞ்சிய கட்டங்களை முடிக்க வேண்டிய கடமை நிறுவனத்துடையது. சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் பாறை எங்கே போகும், மேலே குடியிருப்போருக்கு அதிர்வுகளைப் பற்றி யார் விளக்கம் சொல்வார், நீளவிருக்கும் அலைத்தடுப்புச் சுவருக்கான கல் மறுபடியும் களியக்காவிளை வழியாகத்தான் வருமா என்பவற்றுக்கு இப்போதே பெயரும் தேதியும் குறிக்க வேண்டும். குறிப்பாகக் கல் விஷயத்தில் கேரளமும் தமிழ்நாடும் அமர்ந்து பேசி, எந்தக் குவாரியிலிருந்து எவ்வளவு, எந்தச் சாலை வழியாக, எவ்வளவு பாரத்தில், எந்த மாதங்களில் என்று எழுதிக்கொள்வது முதல் கட்டத்தில் எவரும் செய்யாத வேலை. எஞ்சிய கட்டங்களுக்கான 2028 என்ற கெடு அந்தப் பேச்சு எவ்வளவு விரைவில் நடக்கிறது என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.